பசியை அடக்கும் மருந்து கொழுப்பைக் கரைப்பதில்லை

குன்னூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். எடை குறைக்கும் ஊசி பற்றி யாராவது வந்து கேட்காத வாரமே இப்போது கிடையாது. கேட்கிறவர்களில் பலர் அது கொழுப்பை உருக்கி வெளியேற்றும் என்று நம்புகிறார்கள். சிலர், ஒரு கோர்ஸ் போட்டு முடித்தால் ஆயுளுக்கும் ஒல்லியாக இருக்கலாம் என்கிறார்கள். இன்னும் சிலர், "அது சுகர் ஊசியாச்சே, போட்டா சுகர் வந்துடுமா?" என்று பயப்படுகிறார்கள். மூன்றுமே தவறு. மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது பிடிபட்டால், யாருக்கு ஏற்றது, ஏன் குமட்டுகிறது, நிறுத்தினால் ஏன் எடை திரும்புகிறது என்பதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். அதனால் மருந்துப் பெயர்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பசியிலிருந்தே தொடங்குகிறேன்.

## பசி எப்படி வருகிறது, எப்படி அடங்குகிறது

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு வரிசையாக வருகிறார். இலைக்கு மேலே கையைக் குறுக்கே காட்டினால் அடுத்த இலைக்குப் போய்விடுவார். காட்டாவிட்டால் இன்னொரு கரண்டி விழும். காட்டிய கையைச் சீக்கிரம் எடுத்துவிட்டாலும் விழும்.

உடம்புக்குள்ளும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பை கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஹார்மோன் என்றால், ஓர் உறுப்பு ரத்தத்தில் விட்டு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் வேதிச் செய்தி. 'இலை காலி, கொண்டுவா' என்று சொல்கிற செய்தி கிரெலின். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடலின் சுவரில் உள்ள சில செல்கள் வேறொரு ஹார்மோனை விடுகின்றன. அதன் பெயர் ஜிஎல்பி-1. இலைக்கு மேல் நீட்டிய கை அதுதான். இரண்டு செய்திகளும் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ். பசி, தாகம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் சிறு பகுதி அது.

இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். நீட்டிய கை உடனே இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒரு செய்தியும் உண்டு. லெப்டின் என்ற இந்த ஹார்மோனை விடுவது கொழுப்புத் திசுதான். இது அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றியதல்ல, மொத்தக் கையிருப்பைப் பற்றியது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். பசியைக் கூட்டும், உடம்பு செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். 2011இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகவே இருந்தன.

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். டயட் இருந்து எட்டு கிலோ குறைத்து, மறு வருடம் பத்து கிலோ ஏறிப்போனவர்களைச் சுற்றியிருப்பவர்கள் 'நாக்கைக் கட்ட முடியல' என்று பேசுகிறார்கள். அவர்களும் அதை நம்பிக் கூனிக் குறுகிப்போகிறார்கள். அவர்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. இழந்த எடையை மீட்க உடம்பு தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் முயல்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பசியைக் கிளப்ப ஒரு செய்தி, அடக்க ஒரு செய்தி, கையிருப்பைச் சொல்ல ஒரு செய்தி. மூன்றையும் கூட்டிக் கணக்குப் போடுவது மூளை.

## பழைய மாத்திரைகள்

பசியை அடக்கும் மருந்து புதிதல்ல. ஃபென்டர்மின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 1959லேயே அனுமதி கொடுத்தது. அது வேலை செய்யும் விதம் வேறு. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஏதோ கலவரம் என்று கேள்விப்பட்டால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. ஃபென்டர்மின் உடம்பை அந்தப் பதற்ற நிலைக்குத்தான் கொண்டுபோகிறது. நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது. பசி போகும், கூடவே இதயத் துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறலாம், தூக்கம் கெடும். அதனால் குறுகிய காலத்துக்கு மட்டுமே அதற்கு அனுமதி.

இந்த வரிசையில் வந்தவை பலவும் கெட்ட பெயரோடு போயின. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைப் பாதித்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. ரிமோனபேன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008இல் ஐரோப்பாவில் நின்றது. சிபுட்ரமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டு, 2011இல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டது.

சிபுட்ரமினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தடைசெய்த பிறகும் அது ஒழியவில்லை. 'மூலிகை' என்றும் 'ஸ்லிம்மிங் காபி' என்றும் லேபிள் ஒட்டி ஆன்லைனில் விற்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் அது கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பெயர் தெரியாத பொடியைக் குடித்து இரண்டே நாளில் பசி அடங்கி நெஞ்சு படபடத்தால், அது மூலிகையின் மகிமை என்று எண்ணிவிடாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ஆர்லிஸ்டாட் என்று ஒரு கேப்ஸ்யூலும் உண்டு. அது பசியைத் தொடுவதே இல்லை. சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

## புது ஊசிகள் என்ன செய்கின்றன

இப்போது எல்லோரும் பேசுவது செமாக்ளூடைடு, டிர்செபடைடு என்ற இரண்டையும் பற்றி. ஓசெம்பிக், வெகோவி இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைடு. மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைடு. இந்தியாவில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் வந்தது, வெகோவி அதே ஆண்டு ஜூனில்.

செமாக்ளூடைடு, நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1ஐப் போலவே செய்யப்பட்ட மூலக்கூறு. வித்தியாசம் ஒன்றுதான்: எளிதில் சிதையாதபடி மாற்றி, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியை இணைத்திருக்கிறார்கள். அதனால் சில நிமிடங்களில் போக வேண்டியது வாரக்கணக்கில் நிற்கிறது. பாதி அளவு வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரு ஊசி போதும் என்பது இதனால்தான். இலைக்கு மேல் நீட்டிய கை இறங்குவதே இல்லை. டிர்செபடைடு இதோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இந்த மருந்து மூன்று இடங்களில் வேலை செய்கிறது. மூளையில் 'போதும்' என்ற உணர்வைச் சீக்கிரம் வரவைக்கிறது. இரைப்பையிலிருந்து சாப்பாடு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது, குறிப்பாக ஆரம்ப வாரங்களில். கணையத்தில், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலின் சுரக்க உதவுகிறது. முதலில் இது சர்க்கரை நோய் மருந்தாக வந்ததற்குக் காரணம் அந்த மூன்றாவது வேலைதான். சர்க்கரை குறைந்திருக்கும்போது இன்சுலினைப் பெரிதாகத் தூண்டாது. இதைப் போடுவதால் சர்க்கரை நோய் வராது.

மூன்றில் எதுவும் கொழுப்பை நேரடியாகக் கரைப்பதல்ல. பசி குறைவதால் சாப்பாடு குறைகிறது, சாப்பாடு குறைவதால் உடம்பு கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறது. கொழுப்பை எடுப்பது உடம்பு. மருந்து செய்வது பசியின் செய்தியை மாற்றுவது.

பலர் சொல்லும் ஒரு மாற்றம் எடையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நாள் முழுக்க மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் 'அடுத்து என்ன சாப்பிடலாம்' என்ற பேச்சு நின்றுவிடுகிறதாம். டீயோடு வர்க்கித் தட்டு முன்னால் இருந்தாலும் ஒன்றோடு கை நின்றுவிடுகிறது என்றார் ஓர் அம்மா. அந்தப் பேச்சு தன் பலவீனம் என்று அவர் அத்தனை காலமும் நினைத்திருந்தார்.

## எவ்வளவு குறையும், நிறுத்தினால் என்ன ஆகும்

2021இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் இல்லாத 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரங்களில் செமாக்ளூடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். உணவு, நடைப்பயிற்சி ஆலோசனை இரு தரப்புக்கும் ஒன்றேதான். 80 கிலோ இருப்பவருக்குச் சுமார் 12 கிலோ என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் அது சராசரி. மருந்து போட்டவர்களில் 100க்கு 14 பேருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. டிர்செபடைடின் அதிகபட்ச அளவில் 72 வாரங்களில் சராசரி 20.9 சதவீதம்.

செமாக்ளூடைடு ஆய்வில் கலந்துகொண்ட ஒரு பிரிவினரை, ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்திய பிறகு ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மருந்து வெளியேறியதும் நீட்டிய கை இறங்குகிறது. லெப்டின் குறைந்திருப்பதால் மூளை வேறு பஞ்சம் என்று கூவிக்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் மருந்தின் தோல்வி என்று சொல்வதில்லை. உடல் பருமனும் நீண்டகால நோய் என்பதால் மருத்துவர்கள் இதையும் நீண்டகால மருந்தாகவே பார்க்கிறார்கள். தொடங்கும்போதே எவ்வளவு காலம், என்ன செலவு என்று பேசிவிட வேண்டும்.

## யாருக்கு, யாருக்கு இல்லை

போன மாதம் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். போனில் யாருடைய மருந்துச் சீட்டையோ படம் பிடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. எட்டு கிலோ குறையணும். இந்த ஊசி குடுங்க."

"இந்தச் சீட்டுல உன் பேரே இல்லையே ம்மா. உன் எடை எவ்வளவு?"

62 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர். பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ என்ற உடல் நிறை எண். அவளுக்கு 24.2 வந்தது. நம் நாட்டவருக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊசிகளை எடை குறைப்பதற்காக எழுதும் வரம்பு அதைவிட மேலே: பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொந்தரவு இருக்க வேண்டும்.

அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். செமாக்ளூடைடை முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராமில்தான் தொடங்க வேண்டும், அடுத்த நான்கு வாரம் 0.5. உடம்பு பழகுவதற்கான அளவுகள் அவை. முழு அளவான 2.4க்குப் போக நான்கு மாதம் ஆகும். எடுத்த எடுப்பில் பெரிய அளவைப் போட்டுக்கொண்டால், ஓயாத வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கலாம். கல்யாணம் முடிந்து குழந்தைக்கு முயல்வதாக இருந்தால், செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். அவள் ஊசி வாங்காமலே போனாள். கல்யாணத்துக்கு எட்டு கிலோ குறைக்கச் சொன்னது மாப்பிள்ளை வீட்டாராம். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

கர்ப்பிணிகள், குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் இதைப் போடக் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சாதாரணத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள்.

## ஏன் குமட்டுகிறது

'போதும்' என்ற செய்தியை வாங்கும் இடங்களில் ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது. வாந்தியைத் தூண்டும் இடமும் அதே பக்கம்தான். கூடவே சாப்பாடு இரைப்பையிலேயே அதிக நேரம் தங்குகிறது. எனவே குமட்டல், வாந்தி, ஏப்பம், மலச்சிக்கல் அல்லது பேதி ஆகியவை சகஜம். பெரும்பாலும் அளவைக் கூட்டும் வாரங்களில் வந்து பிறகு தணியும். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் குறைத்து, மெதுவாகச் சாப்பிட்டால் பெருமளவு சமாளிக்கலாம்.

பித்தப்பைக் கல் சிலருக்கு வரலாம், கணைய அழற்சி அரிது, ஆனால் இரண்டையும் அலட்சியப்படுத்தக் கூடாது. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறையும். பசியில்லை என்று ஒரு டீயோடு வேளையைத் தள்ளுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். கொஞ்சமாகச் சாப்பிடும் சாப்பாட்டில் புரதம் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை: படுகர் வீடுகளில் அவரை இல்லாத சமையல் ஏது? அதோடு முட்டை, கொண்டைக்கடலை, தயிர். தசையை வேலை வாங்கும் பயிற்சியும் வேண்டும். நம் ஊரில் படி ஏறுவதற்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை.

## மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்த ஊசி பேனாக்களை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 'ஊட்டியே ஃப்ரிட்ஜ்தானே' என்று ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். வெயில் அடிக்கும் பகலில் அந்த ஜன்னல் சூடாகும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் இரவுகளில், ராத்திரி முழுக்கக் காரிலேயே விட்ட பேனாவும் உறைந்துபோகலாம். உறைந்த மருந்து பிறகு இளகி, பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசரை ஒட்டிய பின்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், நடுத் தட்டு நல்லது. கோயம்புத்தூரிலிருந்து வாங்கிவருகிறவர்கள் ஐஸ் பேக்கின் மேல் பேனா நேரடியாகப் படாமல் ஒரு துணியைச் சுற்றுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் போனால் பதற வேண்டாம். குளிர்ச்சி இல்லாமல் எத்தனை நாள் வைக்கலாம் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கிறது, மருந்துக்கு மருந்து மாறும்.

தண்ணீர் இன்னொன்று. குளிரில் தாகமே தெரியாது, நாள் முழுக்க டீதான் ஓடும். ஊசி போடுகிறவருக்குத் தாகம் தெரியவில்லை, பசியும் இல்லை, நடுவில் வாந்தியும் வந்தால் உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சுடுதண்ணீரை ஃப்ளாஸ்க்கில் வைத்துக்கொண்டு மணிக்கொரு முறை குடியுங்கள்.

செமாக்ளூடைடு மாத்திரையாகவும் இருக்கிறது. சர்க்கரை நோய்க்காக அதை எழுதித் தருகிறார்கள். வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்க வேண்டும். கண் விழித்ததும் கையில் டீ டம்ளர் வேண்டும் என்கிற நம் பழக்கம் இங்கே இடிக்கும். டீயோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில் சாதாரணமாகவே வயிறு புரள்கிறவர்கள், அளவைக் கூட்டும் வாரத்தில் பயணத்துக்கு முந்தைய நாள் ஊசி போடாமல், டாக்டரைக் கேட்டு நாளை மாற்றிக்கொள்ளலாம்.

## டாக்டரிடம் போகும்போது

2025இல் மவுன்ஜாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு வேண்டும். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு இங்குள்ள நிறுவனங்களும் தயாரிக்கலாம் என்பதால் விலை இறங்க வழியுண்டு. விலை இறங்கினாலும் சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்தல்ல இது.

எடை பற்றிப் பேசக் கோயம்புத்தூருக்கே ஓட வேண்டும் என்பதில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ தொடங்கலாம். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டையும், நாட்டு மருந்தானாலும் அதன் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோகலாம், அதனால் அவற்றின் அளவைத் தொடக்கத்திலேயே குறைக்க வேண்டியிருக்கும். ஏதாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.